முதல் ஆறு வாரத்தைத் தாண்டினால்தான் அது கின்னிக்கோழி

கின்னிக்கோழி வளர்க்கலாமா என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். நோய் நொடி அதிகம் அண்டாது, தீவனச் செலவு அதிகமில்லை, தோப்பில் விட்டால் பூச்சி புழுவைப் பொறுக்கித் தின்று தானாக வளரும், பாம்பைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். எதுவும் பொய்யில்லை. ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் திரிந்த இனம். நம் ஊர் வெயில் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இத்தனை பெருமையும் வளர்ந்த பறவைக்கு உரியது. முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் ஐந்தாறு வாரம் வரைக்கும் அதைப்போல் சட்டென்று செத்துப்போகிற இன்னொரு குஞ்சை நான் பார்த்ததில்லை. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐம்பது குஞ்சு வாங்கி, பாதிக்கு மேல் குழி தோண்டிப் புதைத்து, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விட்ட பிறகுதான் தெரிந்தது. வாங்கப் போகிறவர்கள் யாராவது படித்து நாலு குஞ்சையாவது காப்பாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு நத்தம் பக்கத்தில் சின்ன மாந்தோப்பு. கணவர் திருப்பூரில் வேலை, மகள் கல்லூரி விடுதியில். வாரத்தில் ஆறு நாள் தோப்பு வீட்டில் நான் மட்டும்தான். சருகுக்குள் கண்ணாடிவிரியன் நடமாட்டம் அதிகம் என்பதால் கின்னிக்கோழி விட்டால் எச்சரிக்கையாக இருக்கும் என்று பலரும் சொன்னார்கள். குஞ்சு விற்கிற ஒரு தம்பியைப் பிடித்தேன். "நாட்டுக்கோழி வளர்த்த கைக்கு இது ஒன்றுமே இல்லை அக்கா. ஒரு பல்பு போட்டால் போதும்" என்றார். ஒரு நாள் குஞ்சு ஒன்று நூற்றிருபது ரூபாய். ஆணும் பெண்ணுமாக ஜோடி பிரித்துத் தர வேண்டுமானால் குஞ்சுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்றார். அதையும் கொடுத்தேன். இந்த ஜோடிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். புரட்டாசி முடிகிற நேரம். வானம் அப்போதே இருண்டுகொண்டிருந்தது.

அட்டைப் பெட்டியைத் திறந்தபோது மயங்கித்தான் போனேன். பழுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட தலை, செம்மஞ்சள் நிறத்தில் அலகும் காலும், ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிராம்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் ஒரு நெல்லிக்காயின் கனம். கோழிக்குஞ்சைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பு, பல மடங்கு பயந்த சுபாவம். கை பட்டாலே பத்தும் பத்துத் திசையில் ஓடும். வந்த குஞ்சுகளுக்கு முதலில் தண்ணீர்தான், தீவனம் பிறகு. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து, ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை அதில் தொட்டுக் காட்டிவிட்டால் குடிக்கக் கற்றுக்கொள்ளும். இது எனக்கு நாட்டுக்கோழி வளர்த்த பழக்கத்தில் தெரியும். தெரியாதது, தண்ணீர்த் தட்டிலேயே மூழ்கிச் சாகும் என்பது. கோழிக்குஞ்சுக்கு வைக்கும் அதே தட்டைத்தான் வைத்தேன். மறுநாள் காலையில் இரண்டு தட்டுக்குள் கிடந்தன. விரல் அகலத் தண்ணீர் போதும் அவற்றுக்கு. தட்டு நிறையக் கூழாங்கல்லைப் பரப்பிவிட்டு இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி செய்தபின் அந்தச் சாவு நின்றது. மூழ்குவது மட்டுமல்ல, தட்டில் ஏறி நனைந்த குஞ்சும் அன்றிரவே குளிரில் விறைத்துவிடும். ஈரம்தான் இவற்றுக்கு எமன். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அடுத்தடுத்து வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து, இறகு நன்றாக முளைத்த பிறகு நிறுத்தலாம். வெயில் காலத்தில் நாலு வாரத்தில் நிறுத்தலாம், மழையிலும் பனியிலும் ஆறு வாரம் ஆகும். எந்த பல்பு என்பதிலேயே எனக்கு முதல் சிக்கல். கடையில் கொடுத்தது எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் கண்ணைப் பறித்தது, சூடு துளியும் இல்லை. பழைய மஞ்சள் குண்டு பல்பு வேண்டும் என்று நத்தத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பழைய மின்சாமான் கடையில் 60 வாட் பல்புகள் கிடைத்தன. ஒன்றுக்கு இரண்டாகத் தொங்கவிடுங்கள். நள்ளிரவில் ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று எரியும்.

வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும். பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு இடைவிடாமல் கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கத்தில் ஒண்டியிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. ஆங்காங்கே பரவிப் படுத்து, அவ்வப்போது எழுந்து தின்றுவிட்டு வந்து மறுபடி படுத்தால் சரியான சூடு. அதனால் பல்பை நடுவில் கட்டாமல் ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டினேன். குளிர்ந்தால் அங்கே போகும், சுட்டால் இங்கே வரும். அதற்கு இடம் வேண்டும். பெட்டி நெருக்கமாக இருந்தால் ஓட வழியில்லாமல் வெந்துபோகும். இன்னொன்று, மூலை கூடாது. மூலை கிடைத்தால் அங்கே போய்க் குவிந்து அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்து வைத்தால் குவிய மூலையே இருக்காது. மேலே வலை கட்டாயம். இரண்டாவது வாரத்திலேயே சிறகு முளைத்துத் தாவ ஆரம்பித்துவிடும். பூனையும் காக்கையும் வேறு இருக்கின்றன.

தரையில் முதலில் செய்தித்தாள்தான் விரித்தேன். வழுக்கிக் கால் அகன்று, தவளை நீந்துகிற மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தன நாலைந்து. முதல் வாரம் வரை கோணிச் சாக்கை விரித்து, தினமும் மாற்றி, வெயிலில் காயப்போட்டு வாருங்கள். கால் பிடித்து நிற்கும். கால் அகன்ற குஞ்சை முதல் ஓரிரு நாளிலேயே கவனித்து, இரண்டு காலையும் சரியான இடைவெளியில் மெல்லிய துணிநாடாவால் தளர்வாகக் கட்டி விட்டால் தேறிவிடும். நாள் கடந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மரத்தூளை ஆரம்பத்தில் போடாதீர்கள். தீவனம் எது, தூள் எது என்று அவற்றுக்குத் தெரியாது. தின்று வயிறு அடைத்துக்கொள்ளும். இரண்டாம் வாரத்திலிருந்து நெல் உமியோ கடலைத் தொலியோ போடலாம்.

தீவனத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாட்டுக்கோழிக் குஞ்சு அரிசி நொய்யிலும் கம்பிலும் வளர்ந்துவிடும். கின்னிக்குஞ்சுக்கு அது காணாது. முதல் நாலு வாரம் 24 முதல் 26 சதவீதம் புரதம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைத் தொடவே கூடாது. கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் போடும் பிராய்லர் பிரீ-ஸ்டார்ட்டர் தீவனத்தை வாங்கி, மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் புரத அளவைப் பார்த்துவிட்டு, குறைவதை வேறு வழியில் சேர்த்தேன். தீவனத்தில் ஏதாவது மருந்து கலந்திருப்பதாகச் சீட்டில் இருந்தால் அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். கோழிக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் எல்லாப் பறவைக்கும் ஒத்துக்கொள்ளாது. புரதத்துக்கு அவித்த முட்டையை உதிர்த்துப் போடலாம். அதைவிட மலிவு, நம் பாட்டிமார் செய்த கரையான் பானை. உடைந்த மண்பானையில் நைந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் அப்பியிருக்கும். தட்டிவிட்டால் குஞ்சுகள் சண்டை போட்டுத் தின்னும். கருவாட்டுத் தூள் போடச் சொல்வார்கள். கடைக் கருவாட்டில் உப்பு ஏராளம், குஞ்சுக்கு உப்பு விஷம். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்படி ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு மூன்றாவது வாரத்தைத் தொடும்போது நாற்பதுக்கு மேல் உயிரோடு இருந்தன. இனிக் கவலையில்லை என்றுதான் நினைத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலமே காற்று ஒரு மாதிரியாக இருந்தது. கொட்டகையின் மூன்று பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. காற்றும் மழையுமாக அடித்ததில் எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும். கைபேசி வெளிச்சத்தில் போய்ப் பார்த்தால், எல்லாக் குஞ்சும் ஒரே குவியலாக ஏறிக் கிடக்கின்றன. பிரித்து விட்டால் மறுநிமிடம் மறுபடி குவிகின்றன. கரி அடுப்பை உள்ளே வைக்கலாமா என்று கை துடித்தது. மூடிய இடத்தில் கரி கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடு மனிதரையே கொல்லும், குஞ்சு எம்மாத்திரம். விறகடுப்பை மூட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டு தூக்குவாளியில் ஊற்றி மூடி, பழைய பருத்திப் புடவையைச் சுற்றி வட்டத்துக்குள் வைத்தேன். ஒண்டிக்கொண்டன. ஒரு மணி நேரத்துக்கொரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். விடிய விடிய அடுப்புக்கும் கொட்டகைக்குமாக நடந்தேன். மூன்று மணிவாக்கில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது.

விடிந்து பார்த்தபோது சாரல் தகரத்துக்கு அடியில் புகுந்து உமி சொதசொதவென்றிருந்தது. தார்ப்பாயின் உட்புறம் முழுக்க வியர்த்து, சொட்டுச் சொட்டாகக் குஞ்சுகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. மழையைத் தடுக்க நான் கட்டிய தார்ப்பாயே அவற்றின் மூச்சு ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. குவியலைப் பிரித்தேன். அடியில் இருந்தவை தட்டையாக, கழுத்து நீண்டு, இறகெல்லாம் ஒட்டிப்போய்க் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். அழுகை வரவில்லை, விற்ற தம்பியின் மேல் கோபம்தான் வந்தது. பிறகு அந்த வரிசையிலேயே ஒன்றின் கால்விரல் லேசாக அசைந்தது. செத்துவிட்டது என்று நான் ஒதுக்கி வைத்தவற்றில் ஒன்று அது. துணியால் அழுத்தித் துடைத்து, அடுப்பு மேடையில் சூடான இடத்தில் சாக்குக்குள் வைத்தேன். அரை மணியில் தலை தூக்கியது. உடனே மற்றவற்றையும் எடுத்துப் பார்த்ததில் இன்னும் மூன்று பிழைத்தன. குளிர்ந்து விறைத்த குஞ்சைச் செத்ததென்று அவசரப்பட்டு எறியாதீர்கள். முதலில் ஈரம் போகத் துடையுங்கள், பிறகு மெதுவாகச் சூடேற்றுங்கள், தலை நிமிர்ந்து தானாக அலகை அசைக்கும் வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறும்.

மழைக்காலத்தில் வளர்த்தே ஆக வேண்டுமென்றால் குஞ்சுகளைத் தரையில் வைக்காமல் வீட்டுத் திண்ணையிலோ ஓர் அறையிலோ வையுங்கள். முடியாவிட்டால் தரையைவிட அரையடியாவது உயர்த்திய மேடை வேண்டும். தார்ப்பாயைக் கீழிருந்து முக்கால் உயரம் மட்டும் கட்டி, மேலே காற்றுப் போக விடுங்கள். உமியைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் அன்றே மாற்றிவிட வேண்டும். வெந்நீர் யோசனை கரண்ட் போன பிறகு தோன்றக் கூடாது. விறகு, பாத்திரம், துணி எல்லாம் சாயங்காலமே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஈரத்தின் மிச்சக் கணக்கு அடுத்த வாரம் வந்தது. இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி வழிந்தன சில, எச்சத்தில் இரத்தம். இரத்தக் கழிச்சல். ஈர உமியில் பெருகுகிற நோய் அது. நல்லவேளையாகக் கால்நடை மருத்துவர் எச்சத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். ஆம்புரோலியம் எழுதிக் கொடுத்து, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு என்பதையும் சொல்லி அனுப்பினார். மருந்து கலந்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, உமியை முழுக்க வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். அப்படியும் ஏழெட்டுப் போய்விட்டது. ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்புச் சொட்டு மருந்தை முதல் வாரத்திலேயே கண்ணில் விட்டிருந்ததால் அந்தத் தொல்லை வரவில்லை. கின்னிக்கோழிக்கு எந்த நோயும் வராது என்று சொல்கிறவர்களை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அதை இலவசமாகவே போடுகிறார்கள்.

கார்த்திகை முடியும்போது மீதி இருந்தவை இருபதுக்கும் குறைவு. குஞ்சு விலை, தகரம், வலை, தீவனம், மருந்து, இரண்டு முறை உமி எல்லாம் கூட்டினால் உயிரோடு நின்ற ஒவ்வொரு பறவைக்கும் அறுநூறு ரூபாய்க்கு மேல் விழுந்திருந்தது. அந்தப் பணத்துக்கு வளர்ந்த பறவையாகவே வாங்கியிருக்கலாமே என்றார் கணவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்க்கிறவருக்குச் சொல்வது சுலபம். ஆனால் அந்தக் கணக்கும் சரிவராது. வேறோர் இடத்தில் வளர்ந்த பறவையை வாங்கி வந்து விட்டால் தங்காது, பறந்து போய்விடும். குஞ்சாக வந்தாலும், ஆறு முதல் எட்டு வாரம் வரை கொட்டகையிலேயே வைத்திருந்து, பிறகு சாயங்காலத் தீவன நேரத்துக்கு முன்னால் ஒன்றிரண்டை மட்டும் வெளியே விட வேண்டும். உள்ளே இருப்பவை கத்தும், வெளியே போனவை கூட்டத்தை விட்டு நகராது, தீவனத்தைக் கண்டதும் உள்ளே வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்து விட்டால் மாமர உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த வருடம் சொந்த முட்டையிலிருந்து பொரிக்க வைத்தேன். பக்கத்துத் தோப்பு அப்பத்தா, "ஏன் தாயி, விளக்கைக் கட்டிக்கொண்டு இப்படிக் கண் விழிக்கிறாய்? என் வீட்டில் அடைக்கோழி சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது" என்று ஒரு கருங்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பதினைந்து முட்டை வைத்தோம். கின்னி முட்டை பொரிக்க 26 முதல் 28 நாள் ஆகும், கோழி முட்டைக்கு 21. இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் வைத்தால் கோழிக்குஞ்சு பொரித்ததும் தாய் எழுந்து போய்விடும், கின்னி முட்டை கூழாகும். தனியாக வையுங்கள். கின்னிக்கோழியே அடை கிடந்தால் விடலாமா என்று கேட்பார்கள். அது பொறுப்பில்லாத தாய். பொரித்த மறுநாளே குஞ்சுகளைப் பனி நனைந்த புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும், எது பின்தங்கியது என்று திரும்பிப் பார்க்காது. கருங்கோழியோ சாரல் விழுந்தால் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு அந்த முறை கரண்ட் கவலையே இல்லை. இரண்டு குஞ்சைத்தான் இழந்தேன். ஒன்றைக் கீரி கொண்டுபோனது, இன்னொன்று கோழியின் காலில் மிதிபட்டது. இருபது முப்பதுக்குள் வளர்க்கிறவர்களுக்கு பல்பைவிட அடைக்கோழிதான் தோது. நூறு இருநூறு என்று போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, மாற்று மின்சாரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

ஜோடிக் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் குஞ்சில் ஆண் பெண் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ந்த பிறகும் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆணுக்குக் கொண்டையும் தாடையும் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நம்பகமான அடையாளம் குரல். இரண்டு மாதம் ஆகும்போது பெட்டை இரண்டு அசையாகக் கத்த ஆரம்பிக்கும். ஆண் எப்போதும் ஓரசைதான். பயந்தால் பெட்டையும் ஓரசையில் கத்தும், ஆனால் ஆண் ஒருபோதும் இரண்டு அசையில் கத்தாது. எனக்கு மிஞ்சியவற்றில் முக்கால்வாசி ஆண். ஜோடி பிரித்துத் தருகிறேன் என்று கூடுதல் பணம் கேட்பவரிடம் குஞ்சே வாங்காதீர்கள். பறவையைப் பற்றித் தெரியாதவர், அல்லது தெரிந்தே சொல்கிறவர்.

இப்போது சித்திரை, வைகாசியில்தான் அடை வைக்கிறேன். முட்டையும் அப்போதுதான் நிறையக் கிடைக்கிறது, மழை வருவதற்குள் குஞ்சுகள் மூன்று மாதத்தைத் தாண்டிவிடுகின்றன. குஞ்சு கேட்டு வருகிறவர்களுக்கும் ஆடி வரைக்கும்தான் கொடுக்கிறேன். அதற்கு மேல் வருகிறவர்களை, ஆறு வாரம் நான் வளர்த்துத் தருகிறேன், இருநூறு ரூபாய் அதிகம் ஆகும், சம்மதமா என்று கேட்கிறேன். பாதிப் பேர் விலை அதிகம் என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.